நீலக் கறை

ஞானாம்பிகையின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான் இருந்தார்கள்: கள்ளர், மடையர். இரண்டு பக்கமும் பெயர் பதிந்திருந்தவன், செத்துப்போன அவளுடைய கணவரின் தம்பி பரமலிங்கம். என்ன செய்வது, அரியாலையில் அவன் வீட்டுப் பின்னறையில்தான் அவள் மூன்று வருடமாகக் குடியிருக்க வேண்டியிருந்தது. அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். ஆகவே அடுப்படி முழுவதும் ஞானாம்பிகையின் தலையில்.

அவளுக்குச் சொந்த வீடு இல்லாமல் இல்லை. தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த கல்வீடு வட்டுக்கோட்டையில் நின்றது. சுவர் நின்றது என்று சொல்வதுதான் சரி. கணவர் கனகசபாபதி யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். ஊரார் கலியாணத்தையெல்லாம் அழகழகாகப் படம் பிடித்த மனுசனுக்கு, மனைவி வீட்டுக் கூரையின் வளையும் மரமும் உளுத்துக்கொண்டு போவது மட்டும் கண்ணில் படவில்லை. அவர் கண்ணை மூடிய வருடமே மார்கழி மழையில் கூரையும் விழுந்தது.

பரமலிங்கத்தின் கூரை மட்டும் அசையாமல் கிடந்தது. அது வந்த வழி ஊருக்கே தெரியும். முன்பு அவனுக்குப் பட்டினத்தில் ஒரு புடைவைக்கடை இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அது எரிந்தது. எரிவதற்கு முந்தின கிழமை நல்ல துணிக்கட்டெல்லாம் லொறியில் ஏறிப் புத்தூரில் அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தன. காப்புறுதிக்காரர் எரிந்ததற்கும் எரியாததற்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்கள். அந்தக் காசில் இந்த வீடு எழும்பியது. யார் வந்தாலும் ஞானாம்பிகை மேலே கையைக் காட்டுவாள்.

“எரிஞ்ச துணிக்கு எவ்வளவு பலம் பாத்தியளே? எந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது.”

பரமலிங்கம் சிரிப்பான். தோல் தடித்த பிறவி. அவனுக்கு அவள் தேத்தண்ணி கொடுப்பது எப்போதும் சீனி இல்லாமல். சங்கக்கடையில் சீனி தட்டுப்பாடு என்பது சாட்டு. அவனுக்குச் சீனி போட மனமில்லை என்பதுதான் உண்மை.

தன் கூரையின் கீழ் போய்ப் படுத்துச் சாகவேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்கு அவளிடம் இருந்த முதல், கணவரின் ஜெர்மன் கமரா. 1956இல் கொழும்புக்குப் போய்த் தாலிக்கொடி அடைவு வைத்த காசில் அவர் வாங்கி வந்தது. தாலிக்கொடி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கமராவை அவர் அவளைத் தொட விட்டதே இல்லை. தூசி தட்டப் போனாலும் பாய்ந்து வருவார். “உந்த எண்ணெய்க் கையாலை கண்ணாடியைத் தொடாதை!” ஏன் தொடக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு விளங்காது என்பது அவர் முடிவு. அந்த எண்ணெய்க் கை சமைத்ததைத்தான் அவர் மூன்று வேளையும் சாப்பிட்டார் என்பதை அவளும் மறக்கவில்லை.

விற்பது என்று தொடங்கியதும் கள்ளரும் மடையரும் வரிசையில் வந்தார்கள். பட்டினத்தில் இன்னொரு ஸ்டூடியோ வைத்திருந்த சோமசேகரம் கமராவைக் காதோடு வைத்துப் பொத்தானை அமத்திப் பார்த்து, “உள்ளுக்கை சத்தம் சரியில்லை அக்கா, நானூறு ரூபாய் தரலாம்” என்றான். அவன் சொல்லி முடிக்கமுன் அவள் அவன் கையிலிருந்து கமராவைப் பறித்து எடுத்துவிட்டாள்.

பரமலிங்கத்திடம் வேறு திட்டம் இருந்தது. “என்ரை கூட்டாளியின்ரை மகன் லண்டனுக்குப் போறான், மச்சாள். தன்ரை கமரா எண்டு கழுத்திலை கொழுவிக்கொண்டு போவான். சுங்கமும் இல்லை, தபால் செலவும் இல்லை. அங்கை வித்துப்போட்டுக் காசைப் பிறகு அனுப்புவான்.”

“பிறகு எண்டது எந்தக் கிழமை, தம்பி?” என்று கேட்டாள் ஞானாம்பிகை. அந்தத் திட்டம் அத்தோடு சரி.

மூன்றாவது ஆள் இங்கிலாந்துக்காரன், ஹார்வி என்று பெயர். முன்பு கோயில் படங்கள் எடுக்க வந்தவன். ஸ்டூடியோவில் கமராவைக் கண்டு ஆசைப்பட்டு, விற்கிற எண்ணம் வந்தால் தனக்கே தரவேண்டும் என்று விலாசம் கொடுத்துப் போனவன். அவள் கடிதம் போட்டதும் பறந்து வந்தது பதில். நல்ல விலைதான் சொன்னான். கமராவை முதலில் அனுப்பும்படியும், கிடைத்ததும் காசோலை போடுவதாகவும், தான் ஒரு கனவான் என்றும் எழுதியிருந்தான்.

“தன்னைத் தானே கனவான் எண்டு எழுதுறவனை நம்பிச் சாமான் அனுப்ப எனக்கென்ன விசரே?”

அவள் நேரே வங்கிக்குப் போனாள். அங்கே வெளிநாட்டுக் காசுக்குப் பொறுப்பாக இருந்தவர் கிறிஸ்துநாயகம். அவரை அவள் வெறும் சோம்பேறி என்று மட்டும் சொன்னாள். அது அவள் வாயிலிருந்து வரக்கூடிய நற்சான்றிதழ். அவர் சொன்ன வழி இது: ஹார்வி முழுக் காசையும் லண்டனில் உள்ள வங்கியில் முதலே கட்டவேண்டும். பொதி அந்த வங்கிக்குப் போகும். அவன் திறந்து பார்த்து ஒரு கிழமைக்குள் சரி என்றால் காசு யாழ்ப்பாணத்துக்கு வரும். சரியில்லை என்றால் பொதி திரும்பி வரும். வழியில் ஏதும் நடந்தால் ஈடு கொடுக்கக் காப்புறுதி.

காப்புறுதி என்ற சொல்லைக் கேட்டதும் ஞானாம்பிகை முகத்தைச் சுளித்தாள். இருந்தாலும் கட்டினாள். ஹார்வியும் முணுமுணுத்துக்கொண்டு காசைக் கட்டினான். உலகத்தை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட பெருமையோடு அவள் வீட்டுக்கு வந்து, பொதி கட்டுகிற நாளுக்கு நல்ல நேரம் பார்த்தாள்.

அன்று காலை கமராவை மேசையில் வைத்து, லென்ஸின் மூடியைக் கழற்றினாள். அவள் அதைக் கழற்றியது அதுதான் முதற்தரம். யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி முழுவதும் நீலமாக, ஒரு பக்கம் சரித்தால் ஊதாவாக, ஒரு கறை படர்ந்து கிடந்தது.

சோற்றில் ஒரு கல் கிடந்தால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனுசன்! வேட்டியில் மஞ்சள் பட்டால் இரண்டு நாள் கதைக்காத மனுசன்! தன் கண்ணாடியில் இவ்வளவு கறையை வைத்துக்கொண்டா அவள் கையை எண்ணெய்க் கை என்றார்? செத்தவரை நினைத்து அவள் நன்றாகவே ஏளனமாகச் சிரித்தாள். அழுக்குச் சாமான் அனுப்பினாள் என்று ஒரு வெள்ளைக்காரன் தன்னைச் சொல்லக் கூடாது.

சேலைத் தலைப்பால் துடைத்தாள்; போகவில்லை. ஆவி ஊதித் துடைத்தாள், போகவில்லை. பிறகு சாமி அறையிலிருந்து திருநீற்றுப் பேணியை எடுத்து வந்தாள். குத்துவிளக்கும் வெள்ளிச் செம்பும் அந்தத் திருநீற்றில்தான் பளபளத்தன. பெருவிரலில் தொட்டு, கண்ணாடியில் வைத்து, வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். விளிம்பில் தொடங்கி நீலம் மெல்ல மெல்ல விட்டது. கடைசிப் பொட்டும் போகும்வரை அவள் விடவில்லை. தேய்க்கத் தேய்க்க மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இவ்வளவு காலமும் வாங்கிய பேச்சையெல்லாம் சேர்த்துத்தான் தேய்த்தாள்.

வாசலில் பரமலிங்கம் பெட்டியும் கயிறுமாக நின்றான். புடைவைக்கடைக்காரன், பொதி கட்டுவதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

“என்ன மச்சாள், கமராவுக்குத் திருநீறு பூசுறியள்?”

“கறை எடுக்கிறன். உம்மடை அண்ணருக்கு ஊரைத் திருத்தத்தான் நேரமிருந்தது, தன்ரை சாமானைத் துடைக்க நேரமில்லை.”

அவன் பெட்டியை மேசையில் வைத்தான். கமராவைத் துணியில் சுற்றி, பிஸ்கற் பேணிக்குள் இலவம் பஞ்சு அடைத்து, பேணியைப் பலகைப் பெட்டிக்குள் இறக்கி, மேலே சீலை வைத்துத் தைத்து அரக்கு முத்திரை குத்தினான். பொதி போனது.

ஞானாம்பிகை வட்டுக்கோட்டைக்குத் தச்சுவேலை ஓடாவியாரை அழைத்து மரத்துக்கு அளவெடுப்பித்தாள். ஓட்டுக்கு விலை பேசினாள். சமைக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுத்தாள். அப்போதுதான் வங்கியிலிருந்து ஆள் வந்தது. பரமலிங்கமும் கூடவே வெளிக்கிட்டான். வேண்டாம் என்றால் நிற்கிறவனா?

கிறிஸ்துநாயகம் கதிரையைக் காட்டி, ஹார்வியின் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னார்.

“கமரா நல்லாயிருக்காம். லென்ஸிலைதான் பிழை. லென்ஸைச் செய்தவன் கண்ணாடிக்கு மேலை மெல்லிசா ஒரு நீலப் பூச்சுப் போட்டிருப்பானாம். வெளிச்சம் சிதறாமல் இருக்கிறதுக்கு. அதை ஆரோ எதையோ போட்டுத் தேய்ச்சு முழுக்க எடுத்துப்போட்டினமாம். கண்ணாடியும் கீறுப்பட்டுப் போச்சாம். அது இல்லாமல் லென்ஸ் குப்பைக்குத்தானாம்.”

ஞானாம்பிகை வலது கையைச் சேலைக்குள் மறைத்தாள்.

அவர் தொடர்ந்தார். சுங்கத்தில் பொதியைத் திறந்த எவனோ ஒரு முட்டாளின் வேலை இது என்பது ஹார்வியின் எண்ணம். கனகசபாபதியின் வீட்டில் இப்படி ஒரு கை இருந்திருக்க முடியாதாம். கட்டும்போது பூச்சு முழுமையாக இருந்தது என்று அவள் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நட்டத்தைக் காப்புறுதிக்காரர் கொடுப்பார்கள், அவளுக்கு முழுக் காசும் வரும். இல்லையென்றால் பொதி திரும்பி வரும். அவளுடைய சொல்லைத் தான் முற்றாக நம்புவதாகவும் எழுதியிருந்தான் அந்தக் கனவான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். சுங்கத்தில் அல்ல, ஹார்வியில் அல்ல, செத்துப்போனவரில். கறை இல்லையடி, அது பூச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? அதன் பிறகு வந்தது வெட்கம். எண்ணெய்க் கை என்று அவர் சொன்னது சரியாகிப் போனதே என்ற வெட்கம்.

“உந்தச் சுங்கத்திலை இருக்கிறதெல்லாம் மாடுகள், அம்மா,” என்றார் கிறிஸ்துநாயகம்.

“மாட்டுக்கும் கொஞ்சம் புத்தி இருக்கும்,” என்றான் பரமலிங்கம். “பூச்சுக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாத மடைச் சாம்பிராணி! உப்பிடியான ஆக்களைக் கமராவுக்குக் கிட்ட விட்டதே பிழை.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துச் சொன்னான். யாரையும் திட்டுவதென்றால் முதல் ஆளாக வாயைத் திறக்கிற ஞானாம்பிகை அன்று திறக்கவில்லை.

அவளுக்குத் தெரியும், ஒரே ஒரு உண்மை சொன்னால் போதும். பொதி திரும்பி வரும். மரமும் ஓடும் வராது. சாகும்வரை பரமலிங்கத்தின் அடுப்படி. எரிந்த துணியில் எழும்பிய கூரையின் கீழ், அதைத் திட்டிக்கொண்டே கிடக்கலாம்.

“எழுதுங்கோ மச்சாள்,” என்றான் பரமலிங்கம், மிகவும் பணிவாக. “அலுமாரியாலை வெளியிலை எடுக்கேக்கை நீலம் இருந்ததுதானே?”

“ஓம்,” என்றாள் அவள். “இருந்தது.”

கிறிஸ்துநாயகம் பேனையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் அவள் அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காசு முழுதாக வந்தது. தை பிறக்க முன்பே வட்டுக்கோட்டை வீட்டுக்குக் கூரை ஏறியது. நல்ல மரம், புது ஓடு. ஞானாம்பிகை பெட்டி படுக்கையோடு போய்க் குடியேறினாள். பருவம் தப்பிப் பெய்த ஒரு மழையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஆள் வந்தபோது மேலே கையைக் காட்டவில்லை.

பங்குனியில் பரமலிங்கம் வந்தான். சைக்கிளைச் சாத்திவிட்டு, கிணற்றடியில் கால் கழுவி, அவள் இருக்கச் சொல்லாமலே கதிரையில் உட்கார்ந்து மேலே பார்த்தான்.

“திருநீறு இருக்கோ, மச்சாள்?”

அவள் பேணியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் ஒரு கிள்ளு எடுத்தான். உடனே பூசவில்லை. பெருவிரலில் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பார்த்தான்.

“பன்னிரண்டு வருசமாய்க் கள்ளன் எண்டு என்னைத் திண்டியள்,” என்றான். “எனக்கு ஒரு கடையை எரிக்க வேண்டிக் கிடந்தது. உங்களுக்கு ஒரு கிள்ளுத் திருநீறு போதுமாயிருந்தது. என்ரை நெருப்பைவிட இது திறமான சாமான்.”

நெற்றியில் மூன்று குறியும் நன்றாகப் பூசிக்கொண்டு, அவன் வாய் நிறையச் சிரித்தான்.

ஞானாம்பிகை அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“சீனி போட்டிருக்கு, தம்பி,” என்றாள். “குடியும்.”