எல்லைக்கல்லுக்கு அடியில் ஊறுகாய்ப் பானை

நெஃபிசே தன் கணவரைக் கடைசியாகத் திட்டியது ஒரு பானைக்காக. ஊறுகாய் போடவென்று வாங்கி வைத்திருந்த புதுப் பானையில் சப்ரி அடுப்புக்கரியை அள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வீட்ல வேற பானையே கிடைக்கலையா?"

"இது வாயே கோணல். குயவன் உன்னை ஏமாத்திட்டான். பக்கத்து வயல்காரன் இஸ்தான்புல்லுக்குப் போறான். அவன் இருக்கும்போதே எல்லைக்கல்லுக்கு அடியில கரியைப் புதைச்சிடணும். கல்லை யாரும் புடுங்கலாம், கரி மக்காது. மூடியை நீயே வெச்சுக்கோ, போ."

வேலையை முடித்துவிட்டு வந்து படுத்தவர்தான். காய்ச்சல் அவரை எழுந்திருக்கவே விடவில்லை.

சுல்தான் ஆட்சி போய் பல்கேரிய அரசு வந்திருந்த நேரம். ஊரை விட்டுப் போனவர்களின் நிலம் குடியேறிகளுக்குப் போயிற்று. பக்கத்து வயல், மலையிலிருந்து வந்த கான்ச்சோவுக்குக் கிடைத்தது. அவன் எல்லையில் நின்ற பேரி மரத்தை வெட்டினான், உழுதான். எல்லைக்கல் காணாமல் போனது, கூடவே நெஃபிசேயின் வயலில் பாதியும். அவளுடைய பழைய பத்திரத்தில் "கல் வரை" என்று மட்டும்தான் இருந்தது.

நிலம் அளக்க அதிகாரி வந்தார். "கல் எங்கேம்மா? காட்டலைன்னா அவர் உழுததுதான் எல்லை."

கல் பேரி மரத்தடியில், மசூதிப் பக்கமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியும். பேரி துளிர்த்திருந்த இடத்தில் தோண்டினாள். மண்தான் வந்தது.

"வெங்காயம் தேடுறீங்களாக்கா?" என்றான் கான்ச்சோ.

துளிரை உற்றுப் பார்த்தாள். அது அடிமரத்திலிருந்து தள்ளி, வேரில் முளைத்த கன்று. முட்புதரை விலக்கினாள். நிஜமான அடிக்கட்டை உள்ளே இருந்தது. அங்கே தோண்ட, கரியோடு கோணலான பானை வாய் தெரிந்தது.

"எவனோ மேய்ப்பன் குளிர் காய்ஞ்சிட்டுப் போயிருப்பான்" என்றான் கான்ச்சோ. "பானையும் அவனுதுதான்."

"மேய்ப்பன் பானைக்கு என் வீட்ல ஏன் மூடி இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

மூடியைக் கொண்டுவந்து வைத்தாள். கோணல் கோணலோடு பொருந்தி, அசையாமல் உட்கார்ந்தது. அதிகாரி மூடியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை.

"இங்கேதான் எல்லை" என்று ஆளைக் கூப்பிட்டுக் கல் நடச் சொன்னார்.

கான்ச்சோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "செத்த மனுஷன் சாட்சி சொன்னா நான் என்னக்கா பண்றது? கல்லை நானே தூக்கிட்டு வர்றேன். எங்க வீட்டு வாசப்படியாத்தான் கிடக்கு."

நெஃபிசேவுக்குச் சிரிப்பு வந்தது. சப்ரி போன பிறகு முதல் சிரிப்பு. தோண்டிய மண் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பானையை எடுத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"வேணாங்கய்யா. அவர் வெச்ச இடத்துலயே இருக்கட்டும்."

மூடியை மட்டும் கழுவி அலமாரியில் வைத்தாள். வீட்டில் எந்தப் பானைக்கும் அது இன்னும் பொருந்துவதில்லை.