நீள விசில்

வேந்தன் விசில் ஊதினால், மூடிக்கிடக்கும் சுரங்கத்திலிருந்து ஆட்கள் ஷிப்ட் முடிந்து மேலே வந்துவிடுவார்கள். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கல்லூரியில் படித்த காலத்தில் அவர் நானூறு மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் மெடலாக வாங்கிக் குவித்தவர். ஓட்டத்துக்குத் துப்பாக்கிதான் வெடிக்கும் என்பதால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. அதே கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்து, ஹாக்கி டீமுக்கு முதல் விசில் ஊதிய அன்று வம்பு ஆரம்பித்தது. தலையில் விளக்கும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக ஒரு கூட்டம் மைதானத்துக்குள் நுழைந்து, விளக்கை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு நின்றது. அவர்களை விரட்டித் திருப்பி அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஹாக்கி வேண்டாமென்று கால்பந்துக்குப் போனார், பிறகு வாலிபால், பிறகு கபடி. எந்த ஆட்டத்தில் விசில் இல்லை? வெளியூர் நடுவரை அழைக்கக் கல்லூரிக்கு மனசில்லாததால் நடுவரும் அவரேதான். தலை நரைக்கும்வரை அவர் தொடங்கிவைத்த ஓர் ஆட்டமும் முடிந்ததில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்தவர்களில் ஒருநாளும் அவருடைய அப்பா சின்னப்பா இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். வேந்தன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது சுரங்கத்தின் கீழ் லெவலில் பாறை வெடித்து, உடம்புகூடக் கிடைக்காமல் போனவர் அவர். ஒவ்வொரு முறையும் வேந்தன் முகம் முகமாகத் தேடிவிட்டு, அந்தக் கடுப்பில்தான் எல்லாரையும் ஏசித் துரத்துவார். வீட்டுக்கு வந்தால் அம்மா சுலோச்சனா விடமாட்டார்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ஷிப்ட் முடிச்சி வுட்ற. உங்க நைனாவ மட்டும் ஏன்டா வுடமாட்டேன்ற?"

வேந்தன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்.

போன வருடம் கல்லூரி, ஓர் ஆட்டமாவது முடியட்டும், இல்லாவிட்டால் வேறு வேலை பாருங்கள் என்றது. பங்காருப்பேட்டைக் கல்லூரியோடு பெண்கள் கபடி. முதல் விசிலுக்கே கூட்டம் வந்தது. வேந்தன் ஏச வாயெடுக்க, கேப்டன் மாயா குறுக்கே புகுந்தாள்.

"சார், அவங்கள ஓரமா குந்தச் சொல்லுங்க. இன்னிக்கி ஆட்டத்த முடிச்சே ஆவணும்."

அவர்கள் கோட்டோரம் குந்தினார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் இன்னும் சிலர் வந்து குந்தினார்கள். இத்தனை பேர் கைதட்டியும் மாயாவின் டீம் படுதோல்வி. வேந்தனுக்கு வந்த ஆத்திரத்தில், இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கடைசி விசிலை ஊதினார். வாழ்நாளில் அவர் ஊதிய முதல் நீள விசில் அது.

சற்று நேரம் கழித்து, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு இன்னொரு கூட்டம் வந்தது. எல்லாருக்கும் முன்னால் நடந்து வந்த சின்னப்பா மகனைவிட இளையவராக இருந்தார். கோபமாகவும் இருந்தார்.

"இத்தினி வருசமா குட்டை குட்டையா ஊதிகினு இருந்தா கீழ் லெவலுக்கு எப்டிடா கேக்கும்? எங்க சங்கு நீளச் சங்குடா!"

சுரங்கம் மூடியதில், ஷிப்ட் முடிய எந்த லெவலுக்கு எவ்வளவு நீளம் சங்கு ஊதுவது என்ற கணக்கு ஊருக்கே மறந்துபோயிருந்தது. வேந்தன் விசிலைக் கையில் பிடித்தபடி மைதானத்தின் நடுவில் நின்று அழுதார்.

வீட்டில் சுலோச்சனா அடுப்பிலிருந்து திரும்பாமலே செருப்புச் சத்தத்தைக் கேட்டார்.

"தண்ணி எத்தினி வாட்டி காய வெக்கறது? குளிச்சிட்டு உள்ள வா, ஒரே தூசி."

சின்னப்பா டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.