சாவு குறைந்த ஆஸ்பத்திரி

எந்த ஆஸ்பத்திரியில் சாவு குறைவு என்று சுகாதாரத் துறையின் இணையதளத்தில் தேடிக்கொண்டிருந்தாள் ஒரு பத்திரிகை நிருபர். பெரியப்பாவுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியே முதலிடத்தில் நின்றது. பாராட்டி எழுதிவிடலாம் என்று அவளுக்கு ஒரே குஷி. எதற்கும் இருக்கட்டும் என்று, நகராட்சி வெளியிட்ட இறப்புப் பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

இணையதளப் பட்டியலில், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ‘குணமானார்’ என்று அனுப்பப்பட்டவர்களின் வயதும் தெருவும், மறுநாளே வீட்டில் இறந்த பலரோடு அப்படியே பொருந்தின. சாகக் கிடந்தவர்களைக் கணக்கில் வராமல் வெளியே தள்ளியிருக்கிறார்கள்!

பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

“பெரியப்பாவ அனுப்பும்போது டாக்டர் என்ன சொன்னாரு பெரியம்மா?”

“நல்லா தேறிட்டாரு, கூட்டிட்டுப் போங்கன்னாரு. நீகூட அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டியேடி. என்ன பண்றது, மறுநாளே விதி முடிஞ்சிடுச்சு.”

“விதி இல்ல பெரியம்மா” என்றவள், எல்லாவற்றையும் சொன்னாள்.



“பொழைக்க மாட்டாருன்னு தெரிஞ்சேதான் அனுப்புனாங்களா?” என்றாள் பெரியம்மா. “உங்க பெரியப்பா பேரைப் போட்டே எழுதுடி.”