நரி முடிதான் அப்பா

பெட்டியிலிருந்து அப்பாவின் குளிர்காலக் கோட்டை இழுத்தபோது, அதன் மேலிருந்த நரித்தோல் தொப்பி உருண்டு தரையில் விழுந்தது. பெர்மெட் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடாரத்துக்குள் திரை மறைவில் அப்பாவைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். ஊர் வழக்கப்படி, குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவரின் உடுப்பைக் கொடுத்தாக வேண்டும். தலைமாட்டில் நின்று குளிப்பாட்டியவர் எசென்குல் சித்தப்பா.

"தொப்பிய விட்டுடாத," என்றாள் அம்மா. "அவர் குடுத்ததுதானே. அவருக்கே போகட்டும்."

அவர் எதற்காகக் கொடுத்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை.

அப்பா கச்கின் வனக்காவலர். பனிச்சிறுத்தைகளின் எச்சத்தைப் பொறுக்கிச் சின்னக் குழாய்களில் அடைத்து, தலைநகர் பிஷ்கெக்கில் மகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவார். அதிலிருக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்து எது எதற்குப் பிள்ளை என்று பெர்மெட் சொல்லிவிடுவாள். சொன்னது நல்ல சேதி இல்லை. சுரங்கத்துக்குச் சாலை போட்ட பிறகு வெளியிலிருந்து ஒரு சிறுத்தையும் வரவில்லை. பள்ளத்தாக்கில் மிஞ்சியவை எல்லாம் ஒரே குடும்பம். அப்பனுக்கும் மகளுக்கும் பிறந்த குட்டிகள் தக்காமல் செத்துக்கொண்டிருந்தன. ஏழு தலைமுறைக்குள் பெண் எடுக்காத ஊர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன கச்கின், உன் சிறுத்தைங்களுக்கு ஏழு பாட்டன் பேரைச் சொல்லிக் குடுக்கலையா?" என்று கல்யாண விருந்துகளில் அவரை வாரினார்கள்.

போன இலையுதிர்காலத்தில் வந்த ஒரு குழாய் யாரோடும் ஒட்டவில்லை. கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த ஆண். புது ரத்தம். பெர்மெட் உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நல்ல சேதிப்பா. பரிசு குடுத்தாத்தான் சொல்வேன்."

"குதிரையவே தரேன், சொல்லித் தொலை!"

"மாப்பிள்ளை வந்தாச்சு."

நல்ல சேதியை வயிற்றுக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் இந்த மலையில் கிடையாது. கச்கின் வீடு வீடாகப் போய்ப் பரிசு கேட்டார், சேதி சொன்னார். மாப்பிள்ளை எந்த ஓடை வழியாக இறங்குகிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். காட்டையே காத்த மனுஷனுக்கு வாயைக் காக்கத் தெரியவில்லை. பெர்மெட்டுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் ஏறிய முதல் வீடு தம்பி வீடு. எசென்குல் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பரிசாக அண்ணன் தலையில் வைத்தார்.

பனி இளகியபோது அதே ஓடையில் ஒரு சுருக்குக் கம்பி கிடந்தது. அதில் முடி ஒட்டியிருந்தது. கம்பி முறுக்கியிருந்த விதம் இடதுகைக்காரர் வேலை. கச்கின் பள்ளிவாசல் வாசலில் தம்பியை மறித்து, "பீச்சாங்கைக் கொலைகாரா, என் சாவுக்குக்கூட வராத!" என்று கத்தினார். இன்னும் கம்பிகள் இருக்குமோ என்று ஈரப் பனியில் அலைந்து, நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். முடியை மட்டும் மகளுக்கு அனுப்பியிருந்தார்.

சோதனை முடிவோடு அவள் வந்து சேர்ந்தபோது அவருக்கு இழுப்பு கண்டுவிட்டது.

"யாரோடது?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நரி முடிதான் அப்பா."

"அப்ப மாப்பிள்ளை உசிரோட இருக்கான்," என்றார். பிறகு திடீரென்று, "எசென்குலக் கூப்பிடு. ஊர் முன்னாடி தம்பிய அசிங்கப்படுத்திட்டேனே," என்றார்.

பெர்மெட் இதை எதிர்பார்க்கவே இல்லை. சாகிறவருக்கு ஆறுதலாக ஒரு பொய், அவ்வளவுதான் அவள் நினைத்தது. அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சித்தப்பா "அண்ணே, அண்ணே" என்று அழுதாரே தவிர, அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

இப்போது சித்தப்பா நனைந்த சட்டைக் கையோடு வாசலில் வந்து நின்றார்.

"குடு தாயி."

கோட்டை வாங்கியவர் அதன் பையில் ஏதோ தட்டுப்பட, கையை விட்டு எடுத்தார். காலிக் குழாய்கள்.

"இது உன்னோடது. அண்ணன் இல்லையேன்னு விட்டுடாத. இனிமே நான் பொறுக்கி அனுப்பறேன். அந்த ஓடை எனக்கு அத்துப்படி."

"தெரியும் சித்தப்பா."

"மாப்பிள்ளையோடது கிடைச்சா உடனே..."

"கிடைக்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நரின்னுதானே சொன்ன?"

"அப்பாகிட்ட நரின்னு சொன்னேன்."

முற்றத்தில் குதிரைக் கறியை அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ உப்பு கேட்டுக் கத்தினார்கள்.

"ஓநாய்க்குன்னுதான் கம்பி வச்சேன்," என்றார் மெதுவாக. "பட்டிக்குள்ள பூந்து ஆட்டை அடிச்சுப் போட்டுச்சு."

"அவர் உங்க கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரே. அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"நீயுந்தான் பக்கத்துல நின்ன. நீ சொன்னியா?"

பெர்மெட் குனிந்தாள். தரையில் கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டி அவரிடம் நீட்டினாள்.

"எசென்குல்! வாப்பா, தொழுகைக்கு நேரமாச்சு!" என்று வெளியே கூப்பிட்டார்கள்.

பெண்கள் கூடாரத்துக்குள் மரச்சட்டச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெர்மெட் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவை வெளியே கொண்டுபோனதும் ஒப்பாரி நின்றது. தொழுகைக்கு முன்னால் நெருங்கிய ஆண் உறவு ஒருவர் ஊரைப் பார்த்துப் பேச வேண்டும். கச்கினுக்கு மகன் கிடையாது.

"மக்களே, என் அண்ணன் எப்படிப்பட்டவர்?" சித்தப்பாவின் குரல் கேட்டது.

"நல்லவர்! நல்லவர்!"

"அவர் யார் மனசையாவது நோக அடிச்சிருந்தா என்கிட்டக் கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கப்படி அடுத்து அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. பெர்மெட் சுவரின் மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து வெளியே போனால் நாலே எட்டு. போய் உண்மையைச் சொன்னால் ஊருக்கு முன்னால் அப்பாவின் கடைசி மன்னிப்பு கேலிக்கூத்தாகிவிடும்.

"சொல்லுங்க எசென்குல்," என்று முல்லா மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"பாவம்," என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். "அண்ணன்னா அவருக்கு உசிரு."

வெளியே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"என் அண்ணனுக்கு யாராவது கெடுதல் பண்ணியிருந்தா, அவர் சார்பா நான் மன்னிச்சிட்டேன்."

"அல்லா ஏத்துக்கட்டும்!" என்றது ஊர்.

கூடாரத்தின் கம்பளிச் சுவர் இடுக்கு வழியாகப் பெர்மெட் பார்த்தாள். போட்டுக்கொண்டிருந்த அண்ணனின் கோட்டு சித்தப்பாவுக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது. எல்லோரும் கை ஏந்தியபோது, கையிலிருந்த தொப்பியை எங்கே வைப்பது என்று அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவரும் கை ஏந்தினார்.