வெட்ட ஒன்றுமில்லாத வாக்கியம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கம்யூனிட்டி சென்டரின் மாடியில், செவ்வாய்க்கிழமைகளில், சீனர்களுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். உணவகச் சமையலறைகளில் நின்று களைத்து வருகிறவர்களைப் பார்த்து, நீண்ட சொற்களையெல்லாம் பாடமாக்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சொல்லைத் துண்டாக வெட்டு, துண்டு விளங்கினால் முழுதும் விளங்கும் என்பேன்.

அவர்களுடைய எழுத்தும் அப்படித்தானாம். நோயைக் குறிக்கும் எழுத்துகளுக்கெல்லாம் மேலே ஒரே கூரை போட்டிருக்கும் என்று அவர்களில் ஒருத்தியான சியூயிங் பலகையில் எழுதிக் காட்டினாள். அவளுக்குக் கற்பூரப் புத்தி. இங்கிலீஷ் நோய்ப் பெயரின் வாலில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'ஓமா' வந்தால் கட்டி என்று ஒரு தரம்தான் சொன்னேன். பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் வகுப்பு முடிய அவளுடைய மகள் வந்தாள். ஏழு மாத வயிறு.

"அம்மாவுக்கு ஹொஸ்பிட்டல் சொற்களைப் படிப்பிக்காதீர்கள். அவருக்குப் புற்றுநோய். அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். டொக்டர் சொல்வதை நான்தான் மொழிபெயர்க்கிறேன், பாதியை விழுங்கிவிடுகிறேன். எங்களில் நோயாளிக்குச் சொல்வதில்லை."

படிப்பிக்க வந்தவளிடம் படிப்பிக்காதே என்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த வயிற்றைப் பார்த்துத் தலையாட்டினேன்.

வீட்டில் கணவர் தியாகராஜாவிடம் சொன்னேன்.

"உதில என்ன புதினம்? எங்கட அக்காவுக்கும் கடைசி மட்டும் அல்சர் எண்டுதானே சொன்னனாங்கள். பாவம், அவவும் நம்பினவ."

"நம்பினவ எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த செவ்வாய், சமையலறைச் சொற்களை வெட்டினோம். அன்குக்ட் என்றால் வேகாதது, ரீஹீட்டட் என்றால் மீண்டும் சூடாக்கியது, ஓவர்குக்ட் என்றால் அளவுக்கு மேல் வெந்தது. உப்புச் சப்பில்லாத வகுப்பு. சியூயிங் ஒன்றும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர் ஜாக்கெட் அவளுக்கு இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டிருந்தது.

எல்லோரும் போனபின் கேட்டாள். "டீச்சர், மகள் வந்தாளா?"

நான் பலகையை அழித்தேன்.

"டொக்டர் சொன்ன சொல்லின் வாலில் ஓமா இருந்தது. மகள் அதை அல்சர் என்றாள். அன்றே எனக்குத் தெரியும்."

பலகை அழிந்து வெகுநேரமாகியிருந்தது, நான் துடைத்துக்கொண்டே நின்றேன். "ஏன் மகளிடம் கேட்கவில்லை?"

"டொக்டர் அறையில் சிரித்துக்கொண்டு பொய் சொல்கிறாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எப்படிக் கேட்பது?" இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "வியாழக்கிழமை அவளுக்குத் தெரியாமல் தனியே போகிறேன். எனக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று டொக்டர் சொல்வார். பிள்ளை பிறக்கும்வரை அது அவளுக்குத் தெரியக் கூடாது. அதை டொக்டரிடம் எப்படிச் சொல்வது?"

ஹொஸ்பிட்டல் சொல் எதுவும் கேட்கமாட்டாளா என்று பார்த்தேன். கேட்கவில்லை. பலகையில் எழுதினேன்: பிளீஸ் டூ நொட் டெல் மை டோட்டர். தயவுசெய்து என் மகளிடம் சொல்லாதீர்கள்.

எங்கே வெட்டலாம் என்று, பழக்கத்தில், அவள் விரல் எழுத்துகளின் கீழே நகர்ந்தது.

"இதில் வெட்ட ஒன்றுமில்லை," என்றேன். "எல்லாம் சின்னச் சொற்கள்."

சொல்லிப் பார்த்தாள். மறுபடி என்றேன். எனக்கு வேறு உதவி செய்யத் தெரியவில்லை. மறுபடி சொன்னாள். ஒவ்வொரு முறையும் டோட்டர் என்ற கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்று, மூச்செடுத்து, பிறகுதான் சொன்னாள்.

உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.