சாக்கடைச் சேனை

மனித குல வரலாற்றில் இனி இரண்டே காலங்கள்தான்: டாக்டர் அருணாச்சலம் கும்மிடிப்பூண்டிக்கு வருவதற்கு முன், வந்ததற்குப் பின். 1974இல் இதை அறிவித்தவர் டாக்டர் அருணாச்சலம்.

ரஷ்யாவில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். மே மாத வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார்; நோயாளியிடமும் மேடைத் தமிழ்தான். அவரிடம் வந்து சேர்ந்தான் முனிகிருஷ்ணன். கம்பெனியில் இரும்புத் தகடு விழுந்து காலில் புண். பென்சிலின் ஊசி போட்டும் டெட்ராசைக்ளின் விழுங்கியும் சீழ் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள். கால் போனால் வேலையும் போகும்.

"இது மருந்துக்கு அஞ்சாத கிருமி. ஆனால் கிருமிக்கும் ஓர் எமன் உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ். உயிரோடு புண்ணில் போய்ச் சேர்ந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்" என்றார் டாக்டர்.

"அது எங்க கெடைக்கும் டாக்டரய்யா?" என்றாள் மனைவி செங்கம்மாள்.

"சாக்கடையில்."

முனிகிருஷ்ணன் மனைவி பக்கம் திரும்பினான். "இன்னாமே, நம்மள வச்சி வெளையாடறாரா?"

"கம்முனு கெட. படிச்சவரு சொல்றாரு."

டாக்டர் சாக்கடை நீரை வடிகட்டினார். சீழில் இருந்த கிருமியைத் தீனியாகப் போட்டு வைரஸை வளர்த்தார். மறுபடி வடிகட்டிப் புட்டிகளில் அடைத்துச் செங்கம்மாளிடம் கொடுத்தார். காலையும் மாலையும் புதுத் துணியை அதில் நனைத்து, புண்ணைத் துடைத்துக் கட்ட வேண்டும்.

புண் ஆறியது.

ஊர் மன்றத்தில் பாராட்டு விழா. கம்பெனி மேனேஜர் தலைமை. 'உயிருள்ள மருந்து' பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிய டாக்டர், செங்கம்மாளை மைக் முன் நிறுத்தினார்.

"எப்படிக் கட்டினாய், சொல்லம்மா."

"நீங்க சொன்னா மாதிரிதான். சட்டியில ஊத்தி, தளதளன்னு கொதிக்க வச்சி, ஆற வச்சி..."

"கொதிக்க வைத்தாயா?"

"பின்ன, சாக்கடைத் தண்ணிய பச்சையாவா புண்ணுல ஊத்துவாங்க? எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சுன்னு காலரா ஜீப்புல மைக் வச்சிக் கூவிக்கினு போனாங்களே."

கொதித்த நீரில் அந்த வைரஸ் பிழைக்காது என்பது அந்த அரங்கில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மைக்கை வாங்கினார். தாம் கண்டுபிடித்த வைரஸ் கொதிநீரிலும் சாகாத தனி ஜாதி என்று அறிவித்தார். மேனேஜர்தான் முதலில் கைதட்டினார்.

முனிகிருஷ்ணன் திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனான். செங்கம்மாள் தொடங்கும் வரை அந்தப் புண்ணை யாரும் தினமும் துடைத்துச் சுத்தம் செய்ததில்லை.