பலாப்பலகையில் ஒரு கோழி

ஜக்கையன் அந்தப் பலகையை எட்டு வருசமாக யாருக்கும் கொடுக்கவில்லை. குரங்கணியில் காற்றுக்குச் சாய்ந்த பலா. அவர் கையால் அறுத்தது. மகன் கட்டிலுக்குக் கேட்டான், இல்லை என்றார். கோயில் பூசாரி உண்டியல் செய்யக் கேட்டார். சாமிக்கு எதற்குப் பூட்டு என்று திருப்பிக் கேட்டு அனுப்பிவிட்டார். இப்போது அதைச் சாக்கில் சுற்றி, சிலமலையிலிருந்து போடிக்கு பஸ்சில் மடியோடு அணைத்துக் கொண்டுபோனார்.

எல்லாம் அன்னக்கொடிக்காக. அவர் பெண்டாட்டி. சித்திரை மாதம் ஒருநாள் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. காலுக்கு உயிர் திரும்பிவிட்டது. பேச்சும் குழறலோடு திரும்பி வந்து, முதல் வேலையாக ஜக்கையனைத் திட்டியது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் எடுத்து வைத்தால் மடியிலேயே கிடக்கும். ஆறு மாசத்துக்குள் வருவதுதான் வரும், அதற்கப்புறம் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிவிட்டாள். அஞ்சு மாசம் போய்விட்டது. ரப்பர் பந்து கொடுத்தார்கள். அன்னக்கொடி இடது கையால் அதைத் தெருவில் எறிந்தாள். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குகிற பிளாஸ்டிக் சாமான் கொடுத்தார்கள். அது வழுக்கியது. மரத்தில் இருந்தால் பிடி கிடைக்கும், போடியில் தமிழ்செல்வி என்று ஒருத்தி அறுத்துக் கொடுக்கிறாள், போய்ப் பாருங்கள் என்றாள் அதே பெண்.

ஜக்கையனுக்கு நம்பிக்கை இல்லை. நாற்பது வருசம் மரமில்லில் பெரிய ரம்பத்துக்கு முன்னால் நின்றவர். இடது கையில் ஒரு விரலை அந்த ரம்பத்துக்கே கொடுத்தவர். ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்து மரம் அறுக்கிறாள் என்றால் கண்ணால் பார்க்க வேண்டாமா?

தமிழ்செல்விக்கு நாற்பது வயசு இருக்கும். பெண்டாட்டி கை விவரத்தைச் சொன்னார். தகரக் கொட்டகையில் தையல் மிஷின் உயரத்துக்கு ஏதோ ஒன்று நின்றது.

“ரம்பம் எங்க?” என்றார்.

“இதான் பெரியப்பா.”

“இதுவா? இதுல வெங்காயம் நறுக்கலாம்.”

“வெங்காயத்துக்கு அருவாமனை இருக்கு. மொதல்ல பலகையக் காட்டுங்க.”

சாக்கைப் பிரித்தாள். விரலை மடக்கித் தட்டிக் கேட்டாள். ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நல்லாக் காஞ்சிருக்கு. கணு ஒன்னுதான், அத ஒதுக்கிரலாம். ஆனா பெரியப்பா, இந்தச் சோலிக்கு பிளைவுட்டுதான் நல்லது.”

“மரத்த உரிச்சு பசை போட்டு ஒட்டுனதெல்லாம் மரமா?”

“அதுல ஒரு தாளு நெட்டுக்கும் அடுத்த தாளு குறுக்கவும் கெடக்கும். துண்டுக்குத் துண்டு கோத்துக்கிற கழுத்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தாங்கும். ஒத்தப் பலகையில நாரு ஒரே பக்கம் ஓடும். குறுக்க வர்ற கழுத்து வெடிக்கும்.”

“நாரு எந்தப் பக்கம் ஓடும்னு எனக்கே சொல்றியா?”

“உங்களுக்குச் சொல்லக் கூடாதுதான். சொல்லிட்டேன்.”

“என் பலகையிலயே அறு” என்றார். அவள் பலகையைப் பெருவிரல் கனத்துக்கு இழைத்துக்கொண்டாள். அந்தக் கனம் இருந்தால்தான் துண்டு நிமிர்ந்து நிற்கும், எடுக்கத் தோது என்றாள்.

அப்புறம் ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைத் துணிமேல் கவிழ்த்தாள். கறுப்பாக என்னவோ உதிர்ந்தது.

“என்னது, தலமுடியா?”

“பிளேடு.” பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

ஜக்கையன் குனிந்து பார்த்தார். முடி கிடந்த இடத்தில் ரம்பம் கிடந்தது. பல் வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல், ஒன்று விட்டு ஒன்று இடம் விட்டு. எல்லாம் கீழே பார்த்திருக்க, அடியில் நாலு பல் மட்டும் மேலே பார்த்திருந்தது.

“இந்த நாலும் ஏன் தலகீழா இருக்கு?”

“அடிப்பக்கம் சிலும்பாம இருக்க. எறங்கும்போது மேல்பல்லு அறுக்கும். ஏறும்போது இந்த நாலும் அடிய வழிச்சிட்டுப் போகும்.”

ஜக்கையன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடிப்பக்கம் சிலும்பு வருவதை நாற்பது வருசமும் மரத்தின் தலையெழுத்து என்றே நினைத்திருந்தார். மில்லில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். எவனோ ஒருவன் அப்படி இல்லை என்று நாலு பல்லைத் திருப்பி வைத்திருக்கிறான். அவன் எந்த ஊரோ, மகராசன்.

“ரொம்ப மெல்லிசு போட்டா துண்டு இறுகிக்கிரும், அவுங்களால பிரிக்க முடியாது. கனத்தது போட்டா லொடலொடன்னு ஆடும். கையி இப்ப எப்பிடி இருக்கு?”

“கெடக்கு” என்றார்.

அவள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, நடுத்தரமாக ஒன்றை எடுத்து மாட்டினாள். சுண்டினாள். வீணைக் கம்பி மாதிரி சத்தம் வந்ததும் தலையாட்டினாள்.

கோழி ஒன்றும் குஞ்சுகள் ஏழும் வரைந்த தாளைப் பலகைமேல் ஒட்டி மிஷினைப் போட்டாள். ரம்பம் இருந்த இடத்திலேயே குதித்தது. பலகைதான் சுற்றியது. அவள் கை எங்கே போனதோ அங்கேயெல்லாம் பலா வெட்டுப்பட்டு வழி விட்டது. கொண்டை வளைந்தது, அலகு கூரானது, குஞ்சின் கால் நகம்வரைக்கும் வந்தது. மஞ்சள் பொடி மாதிரி தூள் பறந்தது. ஜக்கையன் வேட்டியில் விழுந்ததைத் தட்டக்கூட இல்லை. முடிந்ததும் பலகையைத் தட்டு மாதிரி நிமிர்த்திப் பிடித்தாள். இருபத்துமூன்று துண்டு. ஒன்றும் உதிரவில்லை. மரத்தின் ரேகை கோழிக்குள் புகுந்து குஞ்சு வழியாக வெளியே போனது, யாரும் அறுக்காதது போல.

“விரலு எல்லாம் இருக்கா?” என்றார்.

“பத்தும் இருக்கு பெரியப்பா.”

வீட்டில் அன்னக்கொடி ஒரு பார்வை பார்த்தாள். “சின்னப்புள்ளயாக்கும் நானு. வெளாட்டுச் சாமான் வாங்கியாந்திருக்காரு.” கோழி ரெண்டு நாள் கட்டிலுக்கடியில் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் துண்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். வெயிலில் ஊறட்டும் என்று முறத்தில் பரப்பி, வாசலில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி மடியிலேயே வைத்தார். வெயில் விழுகிற வேறு இடம் அந்த வாசலில் இல்லை. காப்பி போட உள்ளே போனார்.

வெளியே பக்கத்து வீட்டு வீரலட்சுமியோடு குழாய்த் தண்ணீர்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது. “ஒங் கொடம் மட்டும் கொடம், எங்கொடம் என்ன குண்டானா?” என்றது அன்னக்கொடியின் குழறல். “மதினி, ஒங்க வாயி மட்டும் விழவே இல்ல பாருங்க” என்றாள் வீரலட்சுமி. அதற்கு நடுவில் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

ஜக்கையன் எட்டிப் பார்த்தார். அன்னக்கொடி தெருவைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை முறத்தைப் பிடித்திருந்தது. வலது கை முறத்துக்குள் இருந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் நடுங்கிக்கொண்டு ஒரு துண்டைக் கிள்ளின. விட்டன. மறுபடி கிள்ளின. இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் போட்டன. டக்.

முறத்தைப் பார்த்தார். படமாக ஒன்றும் சேரவில்லை. பெரிய துண்டு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். அப்புறம்தான் விளங்கியது. முப்பது வருசம் போடிக் கடைகளில் ஏலக்காய் தரம் பிரித்தவள், வெடித்த காயை முறத்துக்கு வெளியே தள்ளியவள். மடியில் முறம், எதிரில் பேச்சுக்கு ஆள். கை அதன்பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டது. அவளிடம் கேட்கவே இல்லை.

ஒரு குஞ்சு மட்டும் முறத்துக்கு வெளியே விழுந்தது.

“வெடிச்சது” என்றாள், திரும்பாமலே.

ஜக்கையன் எடுத்தார். கண்ணருகே வைத்துப் பார்த்தார். வெடிப்பே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தார். இல்லை. கழுத்தில் பெருவிரலை வைத்து லேசாக அழுத்தினார். நார் குறுக்கே ஓடிய இடத்தில் மளுக்கென்று ரெண்டானது.

நாற்பது வருசம் மரத்தைப் பார்த்த கண்ணுக்குத் தெரியாதது. அஞ்சு மாசம் செத்துக்கிடந்த விரலுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்செல்வி சொன்னதும் நினைவுக்கு வந்தது. அடுத்ததை பிளைவுட்டிலேயே அறுக்கச் சொல்ல வேண்டும். அவள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீரலட்சுமி குடத்தோடு போய்விட்டாள். அன்னக்கொடி குனிந்து தன் கையைப் பார்த்தாள். பார்த்ததும் கை நின்றது.

“நிறுத்தாத” என்றார் ஜக்கையன். “ஏன், கூலி குடுத்தாத்தான் பொறுக்குவியோ?”

“ஒமக்கெல்லாம் எவ பொறுக்குவா” என்றாள் அவள். கண் மட்டும் கையை விட்டு அகலவில்லை.

அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முறத்தை அவள் மடியிலிருந்து ஒரு சாண் தன் பக்கம் இழுத்தார். வலது கை நழுவி மடியில் விழுந்தது. அவள் முறைத்தாள். அவர் விடவில்லை.

கை மடியை விட்டு எழுந்து, நடுங்கி நடுங்கி, முறத்தைத் தேடி வந்தது.